கப்பலை நிறுத்தாத கப்டன்

மீன் தொழிற்சாலையில் காலைத் தேநீர் நேரம். மேற்பார்வையாளன் வந்து, உனக்குத் தொலைபேசி என்றான். வேலையிடத்துக்கு யாரும் என்னை அழைப்பதில்லை. மறுமுனையில் கப்டனின் மனைவி இங்கர். கணவரின் பெயரைச் சொன்னார், அதற்குமேல் சொல்ல அவரால் முடியவில்லை. போட்டிருந்த வேலையுடுப்போடு ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை மிதித்தேன்.

டென்மார்க்கின் இந்த எஸ்பியர்க் துறைமுக நகரில் நம்மவர்கள் எல்லோருக்கும் அவர் கப்டன். தான் கப்டன் இல்லை, வெறும் லெப்டினன்ட் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். "ராணி தராததை நாங்கள் தாறம், பேசாம வாங்குங்கோ" என்று எங்கள் விடுதியில் மூத்தவரான செல்வமண்ணை ஒரே போடாகப் போட்டார். ஹியூ பெல்லோ என்ற சொந்தப் பெயர் பலருக்கு மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையில் இருந்தவர். போரின் கடைசிக் காலத்தில் திருகோணமலையில் நின்றவர். அங்கே துறைமுகத் தொழிலாளரிடம் பொறுக்கிய நாலைந்து தமிழ்ச் சொற்களோடுதான் எங்கள் அகதி விடுதிக்கு முதன்முதல் வந்தார். வாசலில் நின்றபடி, பெரியவர் சிறியவர் பாராமல், "வாடா, கெதியா வாடா" என்றார். அதுதான் மரியாதையான அழைப்பு என்று அத்தனை வருடமும் நினைத்திருந்த மனிதர். நாங்கள் ஒருவரும் திருத்தவில்லை. அந்த நாட்களில் சிரிக்க எங்களுக்கு வேறென்ன இருந்தது?

போர் முடிந்ததும் கடற்படை ஒரு கோட்டு சூட்டைத் தந்து போய் வா என்றது என்பார். கூட இருந்த அதிகாரிகள் பிறகு என்னவானார்கள் என்பதை வேடிக்கையாகத்தான் சொல்வார். நீர்மூழ்கி வேட்டையில் பேரெடுத்த தலைமை அதிகாரி, வீடு வீடாகக் கதவைத் தட்டி வாக்குவம் கிளீனர் விற்றார். ஒருவர் பாதிரியார் ஆனார். இன்னொருவர் கோழிப் பண்ணை வைத்தார், பிறகு குடித்தார், பிறகு ஒருநாள் அந்தக் கோழிக்கூட்டுக்குள்ளேயே தன் உயிரை முடித்துக்கொண்டார். கப்டன் இங்கே யூட்லாந்துக் கடலில் கண்ணிவெடி அகற்ற வந்தார், இங்கரைக் கண்டார், திரும்பிப் போகவில்லை. ஓய்வு பெறும்வரை துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் வேலை பார்த்தார்.

கோழி வளர்த்தவர் ஏன் அப்படிச் செய்தார் என்று ஒருமுறை கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. அத்திலாந்திக்கில் இவர்கள் காவல் போன சரக்குக் கப்பல் ஒன்று மூழ்கி, ஆட்கள் தண்ணீரில் கிடந்தார்கள். அவர்களை ஏற்றக் கப்பலை நிறுத்தக் கூடாது என்பது கட்டளை. நின்றால் நீர்மூழ்கியின் அடுத்த அடி தங்களுக்கு. கப்பலைச் செலுத்தும் பொறுப்பில் அப்போது நின்றவர் எங்கள் கப்டன்தான். பக்கத்தில் நின்றவர் அந்தக் கோழிக்காரர். "தண்ணீரில் இருந்தவர்கள் கை காட்டினார்கள். தங்களை ஏற்றத்தான் வருகிறோம் என்று நினைத்தார்கள்" என்றார். கட்டளை சரியானதுதான் என்றும் சேர்த்துச் சொன்னார்.

என் மனைவி புவனாவும் கைக்குழந்தையும் அப்போது போர் நடந்த யாழ்ப்பாணத்தில். அவர்களை அழைத்துக்கொள்ளச் சட்டப்படி எனக்கு உரிமை இருந்தது, விண்ணப்பமும் போட்டாயிற்று. எங்கள் விண்ணப்பங்களைத் தொடாமல் கிடப்பில் போடச் சொல்லி மேலே அமைச்சரிடமிருந்தே உத்தரவு வந்திருந்தது யாருக்குத் தெரியும்? பொலிசில் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே பாட்டு. கிழக்கு பேர்லின் வழியாகக் கூட்டிவர ஒரு ஏஜென்ட் ஆயத்தமாக இருந்தான். "யோசிச்சுக்கொண்டு நிக்காதை, கூப்பிடு" என்றார் செல்வமண்ணை. நான் கப்டனிடம் கேட்டேன். இது சட்டத்தை மதிக்கிற நாடு, பெண்ணையும் பிள்ளையையும் கள்ள வழியில் அலைக்கழிக்காதே என்றார். கடைசியில் தமிழிலேயே, "பொறு" என்றார்.

பொறுத்தேன். மாரி பிறக்குமுன் ஊரில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் பீரங்கிச் செல் விழுந்தது. புவனா போய்விட்டாள். என் தங்கை வீட்டில் விட்டிருந்ததால் பிள்ளை தப்பியது.

செய்தி கேட்டு வந்த கப்டன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் வடிந்தது. எனக்கு ஆங்கிலமும் டெனிஷும் வாயில் வரவில்லை.

"நீங்கள் சொல்லாட்டி அவ இப்ப இஞ்ச இருப்பா" என்றேன்.

அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "ஓம்" என்றார். இரண்டாம் முறையும் நான் கப்பலை நிறுத்தவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து "பொறு" என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. அமைச்சர் மாறி, கதவு திறந்து, என் மகள் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் ஒரு தூணோரம் தனியாக நின்றார். நான்தான் போய்க் கூட்டிவந்தேன். கோபம் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் அவரை அங்கே நிற்க விட எனக்கு மனம் வரவில்லை. அதன்பின் வருடா வருடம் புவனாவின் திவசத்துக்கு வந்தார். மடக்க முடியாத முழங்காலை நீட்டிக்கொண்டு நிலத்தில் இருந்து, தான் பார்த்தேயிராத பெண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தை மாதம், எங்கள் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டது பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்து அரசாங்கமே கவிழ்ந்தது. "வெண்டிட்டம் அண்ணை" என்று கோல்டிங்கிலிருந்தும் ஓகூஸிலிருந்தும் தொலைபேசிகள். நான் கப்டன் நோயாய்ப் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்குச் செய்தி தெரிந்திருந்தது. பிழை உங்களுடையதில்லை, உங்களையும்தானே ஏமாற்றினார்கள் என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அவர்களுக்கு அவளைத் தெரியாது. எனக்கு அவள் பெயர் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்."

பிறகு, புவனாவுக்கு இப்போது என்ன வயதாகியிருக்கும் என்று கேட்டார். சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, பிள்ளைபோல் தேம்பினார்.

அடக்கத்துக்குக் கடற்படையிலிருந்து ஒருவரும் வரவில்லை. வர ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை என்றார் இங்கர். பெட்டியைச் சுமந்தவர்கள் நம்மவர்கள். அவரை அறிந்த உங்களிடம் ஆளுக்கொரு கதை இருக்கும். அந்தத் தேம்பல்தான் எனக்கு அவர் விட்டுப்போனது. என் மகளுக்குத் தாயின் முகம் நினைவில்லை. இந்த நாட்டில் புவனாவுக்காக அழ நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். இனி நான் மட்டும்தான்.