படகு கிளம்பிய சாயங்காலம்

என் மனைவி சிறு பிள்ளையாக இருந்தபோது, சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து படகில் வந்தவள். அந்தப் பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் "வந்தோம், அவ்ளோதான்" என்பாள். நானும் கிளறியதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் காசிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கப் போனவன் நான். நன்றாக ஓடுகிற இன்ஜினைக் கழற்றிப் பார்க்கக் கூடாது என்பதுதான் நான் படித்த பாடம்.

எங்கள் மகள் ஓர் அனிமேஷன் கம்பெனியில் படம் வரைகிறாள். போரில் ஊரைவிட்டு வந்தவர்களைப் பற்றி அவளும் தோழிகளும் ஓர் ஆவணப்படம் செய்கிறார்கள். முழுக்க வரைந்த படங்கள். அதற்கு அம்மாவின் கதையும் வேண்டும் என்றாள்.

"வேணாம்மா. உங்கம்மாக்கு பிரஷர் கீது" என்றேன்.

"கேமரா வச்சாதான் நைனா மூஞ்சி காட்டணும். வரைஞ்சா யாருன்னே தெரியாது. அந்த ஊரு போட்டோ ஒண்ணுகூட அம்மாகிட்ட இல்ல. வேற எப்படிக் காட்டுறது?"

"அழுதுச்சின்னா?"

"அழட்டுமே. நீ பேஜார் பண்ணாத."

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் வீட்டில் அம்மாவின் முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். திரையில் ஒரு படகு கரையைவிட்டு நகர்ந்தது. கடலிலிருந்து சூரியன் எழும்பியது. எங்கள் கரையில் பிறந்தவளுக்கு வேறெப்படி வரையத் தோன்றும்? இங்கே கடல்மேல் சூரியன் நின்றால் அது விடிகாலைதான். மணலில் ஒரு பெண், என் மாமியார், முகமில்லாத நிழலாக நின்றிருந்தார்.

மனைவி திரையில் விரலை வைத்தாள்.

"இது பிழை. எங்கட சூரியன் கடலுக்குள்ள விழுறது. நாங்க வெளிக்கிட்டது பின்னேரம்."

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பேச்சையே பேசியவள். அவள் ஊரின் இந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை.

"அம்மாட முகத்தில வெயில் அடிச்சது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிண்டவ. அடுத்த படகில வாறன் எண்டவ."

அவர் வரவேயில்லை. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மனைவி அழுதாள். மகள் விடியலை அழித்து, சாயங்கால மஞ்சளைப் பூசினாள். நிழலுக்குக் கண் வந்தது.

"மூக்கு உன்ன மாதிரிதான்டி, அகலம்" என்றாள் மனைவி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி.

"மாத்திர போட்டியா?" என்று கேட்டேன்.

"சும்மா இருய்யா. எங்கம்மாவப் பாத்துகினு கீறேன்ல."

மகள் படத்தை ஓட்டினாள். படகு நகர்ந்ததும் கரை மறைந்துவிட்டது.

"இன்னா அவசரம்? எங்கம்மா இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

"அதுக்கு நெறைய வரையணும்மா."

"வரை."

மகள் வரைய ஆரம்பித்தாள். மனைவியின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, நான் பார்த்தேயிராத மாமியாரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.