துருவக் காற்றும் மச்சானின் கம்பளிகளும்

துருவத்தாரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் வானிலை அலுவலகத்தின் பின்புறக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு வாளித் தண்ணீரைக் குச்சியால் விறுவிறுவென்று சுழற்றிக்கொண்டிருந்தார். நான் வேலையில் சேர்ந்த நாள் அது. எங்கள் கிராமத்திலேயே பட்டம் வாங்கி அலுவலக நாற்காலியில் உட்காரப்போகிற முதல் ஆள் என்பதால் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டிருந்தேன்.

"மேல்காற்றுப் பிரிவு எங்கண்ணே இருக்கு?" என்றேன், அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்து.

"அதுலதான் நிக்கிற. இந்த வாளிதான் வடதுருவம். தெறிக்கும், தள்ளி நில்லு."

பக்கத்தில் முழுக்கால் சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஒரு பருத்த மனிதர் நின்றார். துருவத்தாரின் மனைவிக்குத் தம்பி. கடைத்தெருவில் வீட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர்.

"நல்லாப் பாரு மச்சான். குளிர்காலத்துல துருவத்துக்கு மேல, முப்பது கிலோமீட்டர் உசரத்துல, காத்து இப்படித்தான் மேக்கேருந்து கிழக்கால வட்டம் போடும். குளிரு உள்ளயே அடைஞ்சு கெடக்கும், வேலி போட்ட மாதிரி." சொல்லிக்கொண்டே துருவத்தார் வாளியின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை விட்டார். சுழல் தள்ளாடி இரண்டாக உடைந்தது. பாதித் தண்ணீர் மச்சான் மேல். "கீழேருந்து பெரிய அலை ஒண்ணு ஏறிப் போய் இடிச்சா வேலி பிஞ்சிடும். மேல சட்டுனு சூடாகும், காத்து எதிர்ப்பக்கமா ஓடும். அப்புறம் ரெண்டு மூணு வாரத்துல குளிரு எந்தப் பக்கம் சரியுதோ அந்த ஊருக்குப் பல்லு கிட்டிக்கும்."

"அத்தான், எனக்குக் காத்தும் வேணாம் வேலியும் வேணாம். இந்தக் குளிர்காலத்துக்கு நான் எதை அடுக்கறது? கம்பளியா, ஃபேனா?"

மச்சானின் கடை அவ்வளவு சின்னது. ஒன்றை அடுக்கினால் இன்னொன்றுக்கு இடமிருக்காது. எதை அடுக்குகிறாரோ அதை வைத்துத்தான் அந்தப் பருவமே ஓட வேண்டும்.

"வேலி பிஞ்சாச்சு. படத்தைப் பாத்துட்டுத்தான் சொல்றேன், நம்ம பக்கம்தான் சரியுது. கண்ண மூடிட்டு கம்பளி எடு."

மச்சான் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

அலுவலகத்தில் மற்றவர்கள் எல்லாம் நாளைக்கு மழையா வெயிலா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, துருவத்தார் மட்டும் யாரும் போகாத இடத்துக் காற்றோடு குடும்பம் நடத்தினார். அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. துருவத்தை நடுவில் வைத்து வரைந்த வட்டப் படத்தை மேசையில் விரித்து, அதன் மேல் டம்ளரை வைத்துக்கொண்டுதான் டீ குடிப்பார். மூத்த அதிகாரி ஒருநாள், "உங்க காத்தால இந்த ஊர்ல ஒரு கொடியில துணி காயுமாய்யா?" என்று கேட்டதற்கு, "காயாது சார், கிழியும்" என்றார்.

கம்பளி இறங்கிய வாரம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கடையில் அடங்காத கட்டுகள் கூடத்தில் உத்தரம்வரை நின்றன. ஒரு கட்டின் மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அவர் மனைவி, அந்த அக்கா, குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இன்னும் வேர்க்குது. எந்தம்பி கடை மட்டும் இந்த வருஷம் படுத்துச்சுன்னா, நீங்க பொட்டியக் கட்டிட்டு அந்தத் துருவத்துக்கே போயிடுங்க. வழி தெரியும்ல?"

"ரெண்டு வாரம் பொறு. நீயே ரெண்டு கம்பளி கேப்ப," என்றார் துருவத்தார். சிரித்தார். நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் மச்சான் அலுவலகத்துக்குள் நுழைந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கோடையில விக்காம மிச்சமிருக்கற ஃபேனை எல்லாம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப நாளைக்குக் காலையில லாரி வருது அத்தான். கடைசியாக் கேக்கறேன். குளிரு வருதா, இல்ல வழியில டீ குடிக்க நின்னுடுச்சா?" கேட்டபடியே மேசையிலிருந்த வட்டப் படத்தை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

படம் இப்படியும் அப்படியும் ஆடியது. துருவத்தாரின் கண்ணும் அதோடு ஆடியது. திடீரென்று, "ஆட்டாத மச்சான்!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். பல வருஷமாகத் துருவத்தாருக்கு ஒரே இடத்திலிருந்துதான் படம் வரும். அதில் எங்கள் நாடு எப்போதும் வட்டத்தின் கீழ்விளிம்பில், அவர் தொப்பைக்கு நேராக இருக்கும். அந்த வருஷம் அந்த இணைப்பு கெட்டுப்போய் வேறொரு நிலையத்திலிருந்து படம் வந்தது. வட்டத்துக்கு மேல் ஏது, கீழ் ஏது? அவர்கள் தங்கள் நாட்டைக் கீழே வைத்து வரைந்திருந்தார்கள். காற்றுக் கோடுகளுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த எங்கள் கடற்கரை உச்சியில் இருந்தது. குளிர் சரிந்திருந்ததோ கீழே.

மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னும் ரெண்டு வாரம்" என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். துருவத்தார் டம்ளரை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். அது காலி.

"மச்சான், குளிரு வருது. ஆனா உலகத்துக்கு அந்தப் பக்கம். நான் படத்தைத் தலைகீழாப் பாத்துட்டேன். நம்ம பக்கம் இன்னும் சூடு ஏறும். லாரிய நிறுத்து."

"அந்தப் பக்கம்னா? பஸ்ல போற தூரமா?"

"கப்பல்ல."

மச்சான் படத்தை மேசையில் போட்டுவிட்டு எழுந்தார். "அப்ப அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு அவ்வளவு தைரியம் கெடையாது," என்று சொல்லிவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

லாரி காலியாகத் திரும்பியது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் புழுங்கியது. மற்ற கடைக்காரர்கள் ஃபேனைக் கட்டி உள்ளே போட்டிருந்ததால் மச்சான் கடை வாசலில் வரிசை நின்றது. உலகத்தின் அந்தப் பக்கம் பனியில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அதைச் செய்தியில் பார்த்துவிட்டு, "காத்தைச் சரியாத்தான் சொல்லியிருக்கேன் பாத்தியா?" என்று துருவத்தார் வீட்டில் ஆரம்பித்தாராம். அக்கா டிவியை அணைத்துவிட்டாராம்.

கம்பளிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. அவை துருவத்தார் வீட்டுக் கதவுக்குத் திரையாகவும், மெத்தைக்கு விரிப்பாகவும், கால்மிதியாகவும் இருக்கின்றன. என் கல்யாணத்துக்கும் நாலு கம்பளி வந்தது.

துருவத்தார் இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறார். நாற்காலியில் மடித்துப் போட்ட கம்பளி. எந்தப் படம் வந்தாலும் முதலில் எங்கள் ஊரைத் தேடிச் சிவப்பு மையில் புள்ளி வைக்கிறார். மச்சான் குளிர்காலத்துக்கு முன்னால் தவறாமல் வருகிறார். வந்ததும், படத்தை நேராகப் பார்க்க, மேசையைச் சுற்றி அவர் பக்கமே வந்து நின்றுகொள்கிறார்.