சந்தனம் அடைத்த மூடி

போன வாரம் பெட்ரோல் பங்கில், நான் உட்கார்ந்திருந்த ஆட்டோவுக்கு முன்னால் ஒரு பையன் நின்றிருந்தான். ஆயுத பூஜை முடிந்த மறுநாள். பைக்கின் டேங்க் மூடியில் இவ்வளவு பெரிய சந்தனப் பொட்டு. “தம்பி, மூடியில மட்டும் வைக்காதப்பா” என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பான். பெட்ரோலும் சந்தனமும் சேர்ந்து மணத்தால் எனக்கு ஒரு மலைப்பாதை ஞாபகம் வரும். அவனிடம் அதையெல்லாம் விளக்க முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் வாணியம்பாடியில் ஒரு தோல் ஷெட்டில் குமாஸ்தா. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். அது ஜவ்வாது மலையில் கிடைக்கும். வாரம் ஒரு தரம் முதலாளியின் பிக்கப் வண்டியில் போய் ஏற்றி வருவது என் வேலை. உடம்பெல்லாம் கடுக்காய் நாறும். எனக்குப் பெண் கொடுக்க வந்த ஒருவர் அந்த நாற்றத்தில் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்.

வண்டியை ஓட்டியவர் பாஷா பாய். கிளீனர் கோவிந்தன், பெரிய பக்திமான். ஆயுத பூஜைக்கு வண்டியை அவன்தான் அலங்கரிப்பான். பாய் தடுக்கமாட்டார், பொரிகடலையில் பாதி அவருக்குத்தான். அந்த வருஷம் கோவிந்தனுக்கு என்ன வேண்டுதலோ, சந்தனத்தைக் கரைத்து ஓர் இடம் விடாமல் அப்பிவிட்டான்.

பூஜை முடிந்து முதல் தரம் மலையேறினோம். போகும்போது காலி வண்டி என்பதால் புளி வியாபாரிகள் நாலைந்து பேர் பின்னால் ஏறிக்கொள்வார்கள். அன்று புதிதாக ஓர் அம்மாளும் ஏறினார். மலைமேல் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்த நர்ஸ். அப்புறம் மருந்து வாங்கக் கீழே வரும்போதெல்லாம் எங்கள் வண்டியில்தான் திரும்புவார். வெள்ளைச் சேலை, டிங்சர் வாசனை, மடியில் மருந்துப் பெட்டி. உத்தியோகத்துக்குக் கட்டிய வெள்ளையா, புருஷன் போனதால் கட்டிய வெள்ளையா என்று அவரை யாரும் கேட்கவில்லை. விதவைதான் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

பாதி மலையில், ஒரு புளியமரத்து வளைவில் வண்டி முக்கியது. பாய் மிதிக்க மிதிக்க இழுவை குறைந்து நின்றேவிட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், கார்புரேட்டரை ஊதினார். கால்மணி கழித்து, எதுவும் நடக்காதது போலக் கிளம்பியது. அடுத்த வாரமும் அதே வளைவு. அதற்கடுத்த வாரமும் அதேதான். கோவிந்தன் வெலவெலத்துப்போய், எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒவ்வொரு தரமும் பழைய சந்தனத்தின் மேலேயே இன்னொரு பூச்சு பூசினான்.

நர்சம்மா வராத நாளிலும் வண்டி நின்றது. அதை யார் நினைவு வைத்துக்கொண்டார்கள்? அவர் ஏறுவதால்தான் வண்டி நிற்கிறது என்று வியாபாரிகள் பேசிக்கொண்டார்கள். மலைக்காரர்களுக்கு அந்த நினைப்பே இல்லை. அவரை வழியில் நிறுத்திக் குழந்தையைக் கையில் கொடுப்பார்கள். கீழேயிருந்து போன நாங்கள்தான் அந்தப் பேச்சையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பின்னால் அவர் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி வாராவாரம் இடம் அகன்றுகொண்டே போனது. எனக்கு அது பிடிக்கவில்லை. எதுவோ நடக்கப்போகிறது என்று பயமாகவும் இருந்தது.

கார்த்திகை மாதம். பொழுது சாயும் நேரம், மரங்களுக்கு நடுவில் மூட்டம் இறங்கியிருந்தது. வண்டி நின்றது. இந்தத் தரம் யாரும் இறங்கவில்லை. வியாபாரிகளில் மூத்தவர் காட்டைப் பார்த்தபடி சொன்னார்: “வண்டி பாரம் தாங்கல போலக்கீது. யாருனா ஒருத்தர் எறங்குனா தேவல.”

எல்லோர் கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. கரடி நடமாடும் காடு அது. நர்சம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பாய் கெஞ்சிப் பார்த்தார். “நான் நடந்தே போய்டறேங்க பாய்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குறுக்குப் பாதையில் ஏறினார். வெள்ளைச் சேலை கொஞ்ச நேரம் மூட்டத்தில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

பாய்க்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யாரையும் திட்ட முடியாமல் வண்டியிடம் காட்டினார். பெட்ரோலாவது இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திருகினார். டேங்க் உஸ்ஸென்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. ஸ்டார்ட்டரை அழுத்தியதும் வண்டி உறுமியது.

பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போக அந்த மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை உண்டு. அதில் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. மலையேறும் முன் ஒவ்வொரு தரமும் திருப்பத்தூரில் பெட்ரோல் போட மூடியைத் திறப்போம். அங்கிருந்து அந்த வளைவு வருவதற்குள் டேங்குக்கு மூச்சு முட்டிவிடும். சும்மா நின்றால் எங்கோ கொஞ்சம் காற்று கசிந்து உயிர் வரும். இவ்வளவுதான் விஷயம். பாய் ஒரு முள்ளால் சந்தனத்தைக் குத்தியெடுத்து வியாபாரிகளிடம் நீட்டினார். “இதான்யா உங்க சனி.”

மூத்தவர் முள்ளைப் பார்த்தார். நர்சம்மா போன பாதையையும் பார்த்தார். “அதெல்லாம் சரி பாய். அந்தம்மா எறங்குச்சு, வண்டி ஏறுச்சு. இதுக்கு மேல இன்னா வோணும்?”

நல்லவேளை, அவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தார். மறுநாள் பாயும் நானும் ஆஸ்பத்திரிக்கே போனோம். பாய் மூடியைக் காட்டி, இனிமேல் முன்சீட்டிலேயே வரச் சொன்னார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியுது பாய். கூட வர்றவங்களுக்குத் தெரியணுமே” என்றார். மாதம் முடிவதற்குள் மலையின் மறுபக்கம், அமிர்தி வழியாக நடந்தே இறங்கி வேலூர் பஸ் ஏறிவிட்டாராம். ஆஸ்பத்திரியில் பூட்டுத் தொங்கியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த மலைக்காரப் பெண்கள் வெகுநாள் அந்தக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வண்டியோ அந்த வளைவில் அப்புறம் ஒரு தரமும் நிற்கவில்லை. வியாபாரிகள் அதையும் அவர் கணக்கிலேயே எழுதினார்கள்.

பாய் இல்லை, பிக்கப் இல்லை, புளியமரத்தை வெட்டிச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பஸ்ஸில் மலையேறினேன். அந்த வளைவில் கண்டக்டர் பையன் எலுமிச்சம்பழம் ஒன்றை ஜன்னல் வழியே எறிந்தான். எதற்கப்பா என்று கேட்டேன்.

“இங்க வெள்ளச் சேல கட்டிக்கினு ஒரு பொம்பள நிக்கும் சார். வண்டிய நிறுத்திடுமாம்.”

கையில் பெட்டி வைத்திருக்குமா என்று கேட்டேன். அவன் முகம் மாறியது.

“ஆமா சார். நீங்களும் பாத்துக்கீறீங்களா?”