சங்கத்தின் பெயரில் ஒரே பார்சல்

அத்தானின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், மார்க்கெட் நண்பர்களுக்கும், லேக் கார்டன்ஸ் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

அத்தானின் மகள் பத்மா கல்லூரியில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதுவது மட்டும் வங்காளத்தில்தான் வரும். ஆகவே, ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னை எழுதச் சொன்னார் அக்கா. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதுவதில் அந்தச் சிரமம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் பிறந்தது தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் வாழை போடும் ஒரு கிராமத்தில். கல்கத்தாத் துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா ஒருவரை நம்பி, மீசை அரும்பும் வயதில் ரயிலேறினார். துறைமுகத்தில் வேலை கிடைக்கவில்லை. பெஹாலாவில் கூடையில் தேங்காய் வைத்துத் தெருத்தெருவாக விற்றார். வங்காளம் கற்றுக்கொண்டது மீன்காரர்களிடம். அதனால் கடைசிவரை அவருடைய வங்காளத்தில் விலை பேசும் ராகம் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வரும் டாக்டரிடமும் அந்த ராகத்தில்தான் பேசுவார். பிறகு தென் கல்கத்தா மார்க்கெட்டில் ஒரு மூலைக்கடை கிடைத்தது. அக்காவைக் கட்டினார். அடுத்த வருடம் ஊருக்கு வந்து, சும்மா இருந்த என்னையும் கூட்டிவந்தார். தேங்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை, தலைவாழை இலை, பூ, அப்பளம். பாலிகஞ்சில் பேங்க் அதிகாரி வீட்டுக் கல்யாணம் என்றாலும், பெஹாலாவில் துறைமுகக் குடியிருப்பில் வளைகாப்பு என்றாலும் எங்கள் கடைக்கு வந்துதான் தீர வேண்டும் என்ற காலம் அது.

தொண்ணூறுகளின் பாதிக்கு மேல் அந்தக் காலம் மாறியது. பெரிய மொத்த வியாபாரிகள் லாரியில் சரக்கு இறக்கத் தொடங்கினார்கள். நம் ஆட்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஊரிலிருந்து ரயிலில் இரண்டு மூட்டை பார்சல் வரவழைப்போம். சின்ன பார்சல் என்பதால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் கிடந்து அழுகும். மார்க்கெட்டில் இரண்டு தமிழ்க் கடைகள் மூடின. மூடிய கடையின் வாடிக்கையை யார் பிடிப்பது என்று மீதிப் பேருக்குள் சண்டை. அந்தச் சண்டையில் அத்தானும் விழுந்தார். எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஓட்டல், எதிர்க்கடை வேலாயுதம் அண்ணாச்சியிடம் போய்விட்டது. இருவருக்கும் பேச்சு நின்றது. இரண்டு கடைக்கும் நடுவில் கூடையெடுத்துப் போகும் அளவுதான் இடைவெளி. அதற்குள் என்னை வைத்துக்கொண்டு பேசுவார்கள்.

"மாப்ளே, அவரு தார்ப்பாய்த் தண்ணி நம்ம இலையில வடியுதுன்னு சொல்லு."

"மாப்ளே, மழைய நான் பெய்யச் சொல்லலன்னு சொல்லுங்க."

நான் சொல்லத் தேவையில்லை; இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் திரும்பிப் பார்க்கும்வரை பதில் வராது.

இப்படி வருடங்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் நம் வியாபாரிகள் சங்கத்தில் பாரம்பரிய விழா எடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. விழா எடுத்தால் பிரிந்து நிற்பவர்கள் சேருவார்கள் என்று தலைவர் நினைத்தார். அத்தான் அப்போது செயலாளர். கூட்டத்தில் ஒருவர் நாட்டியம் என்றார், ஒருவர் பட்டிமன்றம் என்றார், மூத்த உறுப்பினர்களுக்குப் பொன்னாடை என்றார் இன்னொருவர்.

அத்தான் எழுந்து, "பொன்னாடை போத்துனவரும் போத்திக்கிட்டவரும் மறுநாள் மார்க்கெட்டுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. அதுக்கு எதுக்கு விழா?" என்று கேட்டார்.

பிறகு, சங்கம் தொடங்கியபோது இருந்த வழக்கத்தைச் சொன்னார். அன்று எல்லாக் கடைக்கும் சேர்த்துச் சங்கத்தின் பெயரில் ஒரே பார்சல்தான் வருமாம். சங்க வாசலில் கொட்டிக் கூறு போடுவார்களாம். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பாராம். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்ல, அந்தக் கூறு அவருக்கு. நல்லது விழுந்தாலும் சொத்தை விழுந்தாலும் மறுபேச்சு கிடையாது. "நம்ம பாரம்பரியம் இதுதான். இந்தப் பொங்கலுக்கு அதைச் செஞ்சு காட்டுவோம். தமிழ்க் குடும்பங்களை எல்லாம் வரச் சொல்லுவோம். அவங்க கண்ணு முன்னால கூறு போடுவோம்" என்றார்.

அண்ணாச்சி எழுந்தார். "தலைவரே, அவருகிட்டக் கேளுங்க. அந்த ஒரு பார்சல் வரலன்னா அத்தனை கடையும் சேந்து ஈ ஓட்டணும். பொங்கலுக்கு ஒரு வீட்டுலயும் மஞ்சக்கொத்து இருக்காது. அதுக்கு யாரு பொறுப்பு?"

"தலைவரே, நான் பொறுப்புன்னு சொல்லுங்க. சரக்கு வரலன்னா அன்னைக்கே பதவிய விட்டுருதேன். அதுக்குப் பொறவு இந்தச் சங்கத்துல வாயே திறக்க மாட்டேன்."

"தலைவரே, அதுக்காகவாவது நான் சேருதேன்னு எழுதிக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி.

கூட்டம் சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, "மாப்ளே, பதவி பெருசில்ல. இது ஒரு தடவ தப்புச்சுன்னா பொறவு யாரும் யாரையும் நம்ப மாட்டான். ஒவ்வொரு கடையா மூடும். நம்மதும் மூடும்" என்றார். அவர் அப்படிப் பயந்து பேசி நான் கேட்டது அன்றுதான்.

பார்சல் போகிப் பண்டிகை அன்று ஹவுரா ஸ்டேஷனுக்கு வர வேண்டும். அதே நாளில் வங்காளம் முழுவதும் பந்த் என்று முந்தின நாள் அறிவித்தார்கள். பஸ் இல்லை, டாக்சி இல்லை, டெம்போக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். விடிந்தும் விடியாமல் அத்தானும் நானும் ஹவுராவுக்கு நடந்தே கிளம்பினோம். காளிகாட் தாண்டும்போது பின்னால் மணிச் சத்தம். அண்ணாச்சி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓட்டலுக்குச் சரக்குப் போடும் தன் மூன்று சக்கரச் சைக்கிள் வேனைத் தானே மிதித்துக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, உங்க அத்தான ஏறச் சொல்லுங்க."

"மாப்ளே, எதுக்குன்னு கேளு."

"அந்தப் பார்சல்ல என் மஞ்சளும் கெடக்கு. அவருக்காக வரலன்னு சொல்லுங்க."

"அப்பம் சரின்னு சொல்லு."

ஏறிக்கொண்டோம். பனியில் ஹவுரா போய்ச் சேர்ந்தோம். ரயிலை வழியில் மறித்திருந்தார்களாம். மதியத்துக்கு மேல்தான் ஹவுராவுக்குள் வந்தது. அதற்குள் சங்கத்து ஆட்கள் சிலர் சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தார்கள். செங்கரும்புக் கட்டு, மஞ்சள்கொத்து, பனங்கிழங்கு மூட்டை, பூக்கூடை எல்லாம் நல்லபடியாக இருந்தன. கொள்ளும் மட்டும் வேனில் அடுக்கி, மீதியைச் சைக்கிள் கேரியர்களில் கட்டினோம். ஹவுரா பாலத்து ஏற்றத்தில் வேன் பின்வாங்கிச் சாய்ந்தது. அப்போதுதான் அண்ணாச்சி அத்தானைப் பார்த்து நேராக, "வே, என்ன வேடிக்க பாக்கீரு? அந்தப் பக்கம் தோள் கொடும், எல்லாம் கங்கையில போயிரும்" என்று கத்தினார்.

அத்தான் தோள் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு அந்தத் தூது வேலை இல்லை.

பாலம் இறங்கி வெகுதூரம் வந்தபின் ஒரு முக்கில் பந்த்காரர்கள் மறித்தார்கள். நடுச்சாலையில் கேரம் போர்டு போட்டு ஆடிக்கொண்டிருந்த வாலிபர்கள். அவர்களில் பெரியவனாகத் தெரிந்தவன் எழுந்து, "தாதா, காடி சொல்பே நா" என்றான். அண்ணா, வண்டி ஓடக்கூடாது என்கிறான். அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தான் முன்னே போய், தன் மீன்கார வங்காளத்தில், நாளைக்கு உங்கள் வீட்டில் சங்கராந்திக்கு அம்மா பிட்டே பலகாரம் செய்வார்கள் அல்லவா என்று கேட்டார். செய்வார்கள் என்றான். எங்களுக்கும் நாளைக்குத்தான் சங்கராந்தி, இந்தச் செடி இல்லாமல் எங்கள் வீடுகளில் பானை அடுப்பில் ஏறாது என்று சொல்லி, ஒரு மஞ்சள்கொத்தை உருவி அவன் கையில் கொடுத்தார். அவன் அதை முகர்ந்து பார்த்தான். கூட இருந்தவர்களிடம் ஏதோ பேசினான். பிறகு தீர்ப்புச் சொன்னான்: மிதித்தால் அது வண்டி, பந்த்துக்கு விரோதம்; இறங்கித் தள்ளினால் அது சாமான், போகலாம்.

தள்ளினோம். சைக்கிள்காரர்களும் இறங்கித் தள்ளினார்கள். வெறிச்சோடிக் கிடந்த அத்தனை பெரிய சாலையில் கரும்புத் தோகையை ஆட்டிக்கொண்டு எங்கள் ஊர்வலம் போனது. மாடிகளில் நின்று பார்த்தவர்கள் இது என்ன கட்சி என்று கேட்டார்கள். "மஞ்சக் கட்சி" என்றார் அண்ணாச்சி.

சங்க வாசலுக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். வராது என்று திரும்பிப் போனவர்கள் போக, பாலிகஞ்சிலிருந்தும் பெஹாலாவிலிருந்தும் நடந்து வந்த குடும்பங்கள் இன்னும் காத்திருந்தன. அத்தான் அண்ணாச்சியிடம், "கூறு நீரே போடும் வே" என்றார். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுப் பழகிய கூட்டத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. என்னைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். யார் முகமும் தெரியாததால் என் குரல் நன்றாகவே வந்தது. எங்கள் கடைக்கு நசுங்கிய மஞ்சள் விழுந்தது. "பாலத்துல தோள் கொடுத்ததுக்குக் கூலி" என்று அத்தானே சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு வாராவாரம் வியாழக்கிழமை சங்கத்தின் பெயரில் ஒரே பார்சல் வருகிறது. மூடுகிற நிலையில் இருந்த கடைகள் நின்றன. அத்தானை ஒருவர் பாராட்டிப் பேசினால், "வேன் அண்ணாச்சியோடது, தள்ளுனது எல்லாரும்" என்று பேச்சை மாற்றுவார். அவருடைய குணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, தான் தொடங்கியதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளாதது. சர்க்கரை நோயில் கால் புண்ணாகி வீட்டோடு இருந்த கடைசி மாதங்களிலும், வியாழக்கிழமை ஆனால் "வண்டி வந்துட்டா?" என்று போன் செய்து கேட்பாரே தவிர, அப்படிச் செய், இப்படிச் செய் என்று சொன்னதில்லை.

அவர் காலமானது ஒரு வியாழக்கிழமை விடியற்காலை. மார்க்கெட் முழுவதும் வீட்டுக்கு வந்தது. அண்ணாச்சி மட்டும் வரவில்லை. மதியம் கடந்து, எடுக்கும் நேரம் ஆகியும் வரவில்லை. "இவ்வளவு சிநேகிதம் இருந்து என்ன?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கும் மனது கசந்தது. மின்மயானத்துக்குப் போய்த் திரும்பிக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். இருட்டிய பிறகு அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் கறிவேப்பிலை வாசம்.

அவர் பேசுவதற்கு முன் அக்கா கேட்டார், "வண்டி லேட்டா அண்ணாச்சி?"

"ஆமா மதினி. ரொம்ப லேட்டு. பொழுது சாயத்தான் வந்துது. விட்டுட்டு வான்னு எல்லாரும் சொன்னாங்க. சின்னக் கடைக்காரங்க சரக்கும் அதுலதானே கெடக்கு."

"கூறு போட்டாச்சா?"

"போட்டாச்சு. மாப்ளே இங்க இருந்துட்டாரா, மார்க்கெட் காவக்கார தாதாவத் திருப்பி நிறுத்துனோம். ஒரு பேரும் அவரு வாயில நுழையல. உங்க கூறக் கடையில எறக்கித் தண்ணி தெளிச்சு மூடி வச்சிருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, உங்க அத்தான் முகம் எப்படி இருந்துது?"

அக்காதான் சொன்னார். "வண்டி லேட்டானா எப்படி வச்சுக்கிட்டு இருப்பாரு, அப்படித்தான் இருந்துது."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். சிரித்த வாயை மூட முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அத்தானின் கால் புண்ணுக்கு நேரம் பார்க்காமல் வீட்டுக்கே வந்து கட்டுப்போட்ட டாக்டருக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டு அடுப்புக்கும் சேர்த்துச் சமைத்த கீழ்வீட்டு வங்காள அண்ணியாருக்கும், ஊரிலிருந்து இரண்டு இரவு ரயிலில் வந்த உறவினர்களுக்கும், தோள் கொடுத்த சங்கத்து உறுப்பினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அத்தான் முகத்தைப் பார்க்க வராமல் ஹவுராவில் காத்து நின்ற அண்ணாச்சிக்கு, அக்கா சொல்லச் சொன்ன தனி நன்றி.