ஒன்றும் தெரியாத படம்

மகளுக்கு ஒரு வயது முடிவதற்குள் எனக்கு முடக்குவாதம் வந்துவிட்டது. அவளுடைய பால் பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியாமல் நின்ற காலைகள் உண்டு. மருந்தில் வலியும் வீக்கமும் போய், ரத்தப் பரிசோதனையும் சரியாக வரத் தொடங்கி ஒரு வருடம் ஆனபின், இன்னொரு குழந்தை வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். நான் வாரம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அதை நிறுத்திச் சில மாதம் கழித்துத்தான் அடுத்த குழந்தையை நினைக்கலாம்.

"வலி இல்லாதது நல்லதுதான். ஆனா சாம்பலுக்குள்ள கங்கு கிடக்கலாம். ஸ்கேன்ல பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார்.

வயிற்றுக்குப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட்தான், கை மூட்டுகளில் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே நோய் மிச்சமிருந்தால் சாம்பல் நிறப் படத்தில் சிவப்புப் புள்ளி மின்னும்.

பரீட்சை என்று வந்துவிட்டால் எனக்குத் தயாராகாமல் போகத் தெரியாது. ஒரு வாரம் முன்பிருந்தே கைகளுக்கு ஓய்வு கொடுத்தேன். அப்போது பார்த்து சாரல் தொடங்கியிருந்தது. எங்கள் வீடு இலஞ்சியில். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்றால் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். அருவிக்குப் போய்வந்த துண்டும் சேலையும் பின்வாசலில் குவியும். எண்ணெய் தேய்த்துக் குளித்த துணியை மெஷினில் போட என் கணவரின் அக்கா, நான் மைனி என்று கூப்பிடுகிறவர், விடமாட்டார். கையால் துவைத்து இறுக்கிப் பிழிய வேண்டும். அந்த வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஏட்டி, கை சரியாப் போச்சுன்னு நீதான சொன்ன? ஈரத் துணியப் பாத்ததும் திரும்ப வந்துட்டோ?" என்றார் மைனி.

"விடுக்கா, அவ பப்ளிக் பரீட்சைக்குப் படிக்கால்லா" என்றார் என் கணவர்.

கைகளுக்கு ஓய்வு கொடுத்ததோடு நான் நிறுத்தியிருக்கலாம். வலி வந்தால் மட்டும் போடச் சொல்லிக் கொடுத்திருந்த வலி மாத்திரையை, வலியே இல்லாமல், மூன்று நாள் காலையும் மாலையும் போட்டுக்கொண்டேன்.

தென்காசியில் ஸ்கேன். டாக்டரம்மா ஒவ்வொரு விரல் கணுவாக, மணிக்கட்டு வரைக்கும் பார்த்தார். சிவப்பே இல்லை. "ரொம்ப சந்தோஷம்மா" என்று சீட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார். என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"மேடம், மூணு நாளா வலி மாத்திரை போட்டேன்."

பேனா நின்றது. "வலி இருந்துச்சா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"படம் நல்லா வரணும்னு."

திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "அந்த மாத்திரை சிவப்ப மறைச்சிரலாம்மா. ரெண்டு வாரம் அதத் தொடாதீங்க. வீட்டு வேலை எல்லாம் எப்பவும்போல செய்ங்க. அப்புறம் வாங்க."

ஊர் வந்து சேர்ந்தோம். வண்டியை நிறுத்தியபிறகு என் கணவர், "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். அது குறையா பாராட்டா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரமும் வந்தவர்கள் துணியெல்லாம் நான்தான் பிழிந்தேன். மறுபடி ஸ்கேன். வலது மணிக்கட்டில் ஒரு புள்ளி, குங்குமத்தைத் தொட்டு வைத்த மாதிரி, ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் மினுங்கியது. டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். "நீங்க சொல்லலைன்னா அன்னைக்கே வார மாத்திரைய நிறுத்தியிருப்பேன்." நிறுத்தவில்லை. அளவைக் கொஞ்சம் கூட்டினார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். பிள்ளை ஆசை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனது. கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று எதையும் இரண்டு முறை பார்க்கிறவள் நான். ஆனால் அன்று வாயைத் திறந்தது சரியா என்று மட்டும் ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

இந்த வருடச் சாரலுக்கும் வீடு நிறைய ஆட்கள். காலையில் ஒரு வாளித் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் ஸ்கேனுக்குப் போனேன். வலி மாத்திரை தொட்டு மாதக்கணக்காகிவிட்டது. டாக்டரம்மா அதே மணிக்கட்டில் கருவியை முன்னும் பின்னும் வைத்து நெடுநேரம் தேடினார்.

"இருக்கா மேடம்?"

"இல்லம்மா."

வார மாத்திரையின் பெயரை எழுதி, குறுக்கே கோடு போட்டார். நிறுத்தியபிறகும் சில மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றார். வருகிறேன் என்று மூன்று தடவை சொன்னேன்.

வீட்டில் மைனி துணி அலசிக்கொண்டிருந்தார். படத்தை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"என்னட்டி இது, ஒண்ணுமே தெரியல?"

"ஒண்ணுமே இல்ல மைனி" என்றேன். சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் கிடந்த கனமான ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்து முறுக்கினேன்.