கட்டிலுக்குக் கிளிப்பச்சை

கம்பைநல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் நினைவு இல்லத்தைப் பதினெட்டு வருஷமாகக் கூட்டிப் பெருக்கும் கலைமதிக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. சுதந்திரப் போராட்டக் காலத்தில் பெரிய தலைவர் ஒருவர் அங்கே ஒரே ஒரு ராத்திரி தங்கி, ஓர் இரும்புக் கட்டிலில் படுத்துத் தூங்கியிருந்தார். அந்தத் தூக்கம்தான் ஊருக்கே பெருமை. பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இல்லம் ஏறினால் அவள் வேலை நிரந்தரமாகும். ஏறாவிட்டால் இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டுவதாகப் பேச்சு.

பார்த்து எழுதச் சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார் என்றதும் கலைமதி என்ன செய்தாள்? பெரிய மனுஷர் வந்தால் நம் ஊரில் எல்லாரும் செய்வதைத்தான். முந்தின நாளே கட்டிலுக்குப் பளபளவென்று கிளிப்பச்சை பெயிண்ட் அடித்துவிட்டாள்.

அதிகாரி சுசித்ரா கட்டிலைத் தொட்டார். விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது.

"பழசு பழசாவே இருக்கணும்மா. யார் பண்ணது இது?"

"நாந்தானுங்க. பொங்கலுக்குப் பொங்கல் அடிக்கிறதுங்க. நீங்க வர்றீங்கன்னு இந்த வாட்டி முன்னாடியே அடிச்சிட்டனுங்க."

கட்டடமும் போச்சு, வேலையும் போச்சு, எல்லாம் தன் கையாலேயே போச்சு என்று நினைத்துக்கொண்டாள் கலைமதி.

சுசித்ரா பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துக் கட்டில் காலில் ஓரிடத்தைச் சுரண்டினார். பச்சைக்குக் கீழே நீலம். அதற்குக் கீழே காவி, அப்புறம் ரோஸ்.

"ரோஸ் எதுக்கு?"

"அந்த வருசம் எங்க நாத்தனா கல்யாணமுங்க. வூட்டுக்கு அடிச்சது மிஞ்சிப் போச்சுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். சுரண்டச் சுரண்ட நிறம் வந்துகொண்டே இருந்தது. கலைமதிக்கு முன்னால் பெயிண்ட் அடித்தது அவள் மாமியார் தீர்த்தம்மாள், அதற்கும் முன்னால் யார் யாரோ. பூதக்கண்ணாடி வைத்து நாற்பத்தொன்று வரை எண்ணிய சுசித்ரா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ராத்திரி படுத்தவருக்கு இத்தனை பொங்கலா? இதைத்தாம்மா நான் எழுதப் போறேன். பட்டியல்ல ஏத்திடலாம். ஆனா ஒண்ணு, இனிமே இதுல யாரும் பிரஷ் வைக்கக் கூடாது. இப்ப எப்படி இருக்கோ, அப்படியே இருக்கணும்."

"சரிங்க, சரிங்க" என்று கழுத்து சுளுக்கும்படி தலையாட்டினாள் கலைமதி. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வண்டி புறப்பட்டுப் போன பிறகுதான் கட்டிலை நிதானமாகப் பார்த்தாள். தலைமாட்டில், அவசரத்தில் பெயிண்ட் படாமல் விட்டுப்போன நாலு விரல் இடத்தில் போன வருஷத்து நீலம் பல்லிளித்தது. இனி ஆயுசுக்கும் அது அப்படியேதான் இருக்கும், அரசாங்க உத்தரவு. கலைமதி தலைவர் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு வயிறு வலிக்கச் சிரித்தாள்.