பெரியப்பா பற்றிப் பிடித்த மணிக்கட்டு

பெரம்பலூரில் அந்த இளம் பெண் மருத்துவர் என்னிடம் கேட்டது எளிய கேள்விதான்: "எத்தனை நாளா இந்த வீக்கம் இருக்கு சார்?" மூன்று மாதம் என்றேன். உண்மையில் மூன்று ஆண்டுகள். குடல் அடிவயிற்றில் பிதுங்கி நிற்பதை, ஊரார் இன்றும் எழுந்து நின்று வணங்கும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எவரிடம் சொல்லிக்கொள்வார்?

"இப்பவே ஆபரேஷன் பண்ணிக்கிட்டா நல்லது. குடல் சிக்கிக்கிட்ட பிறகு அவசரமா வந்தீங்கன்னா, அழுகின துண்டை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். புண்ணு சீழ் பிடிக்கலாம். உங்க வயசுக்கு நெஞ்சும் தாங்கணும். கூட யாரு வந்திருக்காங்க?"

பஸ்ஸில் தனியாக வந்ததைச் சொன்னேன். அவர் அடுக்கிய ஆபத்துகளில் ஒன்றும் எனக்குப் புதிதன்று. ஒன்பது வயதில் அவை அனைத்தையும் அருகிருந்து பார்த்தவன் நான்.

பெரியம்மா இறந்தபின், பிள்ளையில்லாத பெரியப்பாவுக்குத் துணையாக என்னை அவரிடம் விட்டிருந்தார்கள். அரியலூருக்கு அருகே, எட்டுக் காணி நிலமும் பஞ்சாயத்தில் முதல் நாற்காலியும் உடைய மனிதர் அவர். அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. தினமும் குளிக்குமுன் அவர் மல்லாந்து படுத்து, அடிவயிற்றுப் புடைப்பை விரல்களால் உள்ளே தள்ளி, மடித்த துணியை வைத்து இறுகக் கட்டுவார். முடிச்சைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு.

"வெளியில மூச்சு விடக் கூடாதுடா. குடும்ப மானம்."

நானும் விடவில்லை. அந்த வீட்டில் எங்களிருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பேச்சு, பேசக்கூடாத அதுவாகத்தான் இருந்தது.

அறுவடையின் முதல் நெல்லைக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் குடும்பத்தின் மூத்தவர் தலைச்சுமையாகக் கொண்டுசெலுத்துவது எங்கள் வழக்கம். வழியில் மூட்டையைத் தரையில் இறக்கக் கூடாது. வேறொருவர் தோள் மாற்றக் கூடாது. அந்த ஆண்டுப் பங்குனி வெயிலில் பாதி வழியிலேயே பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. வண்டியில் வந்த பங்காளி ஒருவர் சிரித்தார்.

"அண்ணே, மூட்டையை இப்படிப் போடுங்க. பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

"மூட்டையோட உன்னையும் உன் வண்டியையும் சேத்துச் சுமப்பேன்டா. ஓட்டு, ஓட்டு!"

சுமந்தும் தீர்த்தார். நெல்லைச் செலுத்திய கையோடு கோயிலுக்கு வெளியே ஒரு வேலி மறைவுக்குப் போய்ப் படுத்தார். நான் காவல் நின்றேன். அன்று புடைப்பு உள்ளே போகவில்லை. வீடு திரும்பியதும் வாந்தி. பார்க்க வந்தவர்களிடம், "வெயில் ஒத்துக்கல" என்று நானே சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் பிற்பகல், நிமிர முடியாத நிலையில்தான் அவர் அரியலூருக்குப் புறப்பட்டார். அப்போதும் என்னைத் தவிர எவரையும் அழைக்கவில்லை.

அங்கே ஒரு சிறிய மருத்துவமனையின் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எப்பலேருந்து சிக்கியிருக்கு? சரியா சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

பெரியப்பா வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி."

அக்கணம் பெரியப்பா என் மணிக்கட்டைப் பற்றினார். வலிக்கும்படி பற்றினார்.

"இன்னிக்குக் காலையிலேருந்துதாங்க" என்றேன்.

சில மணி நேரம்தானே என்று டாக்டர் பொறுமையாக அழுத்தினார். புடைப்பு உள்ளே போயிற்று. பெரியப்பா கண்களை மூடிக்கொண்டார். நம்பிக்கைக்கு உரியவன் என்ற பெருமிதம் எனக்கு.

மறுநாள் விடிவதற்குள் அவர் வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. உள்ளே போனது, முந்தைய நாளே உயிரிழந்துவிட்ட குடல். அவசரமாக வயிற்றைத் திறந்து அந்தத் துண்டை வெட்டி எடுத்தார்கள். ஓடிவந்த என் அப்பாவிடம், "ஒரு நாள் பூரா சிக்கியிருந்ததுன்னு தெரிஞ்சிருந்தா உள்ளே தள்ளியே இருக்க மாட்டேன், நேரா ஆபரேஷனுக்குப் போயிருப்பேன்" என்றார் டாக்டர். அப்பா என்னைப் பார்க்கவில்லை, அவருக்குத் தெரியாது. புண் சீழ் பிடித்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. ஒன்பதாம் நாள் பெரியப்பாவை ஊருக்குக் கொண்டுவந்தோம்.

"கடைசி வரைக்கும் மூட்டையை இறக்காத மனுசன்" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. இதுகாறும் திறந்ததில்லை.

பெரம்பலூர் மருத்துவர் எழுதுகோலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "மூணு மாசம்தானா சார்?"

என் கை படுக்கையின் விளிம்பில் எதையோ தேடிற்று. பற்றிக்கொள்ள அங்கே எவருடைய மணிக்கட்டும் இல்லை. "மூணு வருஷம்" என்றேன்.

பெரியப்பா என் மணிக்கட்டைப் பற்றியதை, சொல்லாதே என்று கட்டளையிடும் பிடியாகவே அன்று நான் எடுத்துக்கொண்டேன். தன் வாயால் சொல்ல முடியாத ஒருவர், எனக்காக நீ சொல்லிவிடு என்று மன்றாடினாலும் அப்படித்தான் பற்றுவார் என்பது அந்த ஒன்பது வயதுக்குத் தெரியவில்லை.